ஒரு மணி நேரத்துல சென்னையாம்... யார் வீட்டு வாசல்ல இருந்து?

போன வாரம் டீக்கடையில ஒரு பேச்சு. "மதுரையில ஏறுனா ஒரு மணி நேரத்துல சென்னை. இனிமே எவன் ராத்திரியெல்லாம் ரயில்ல உருண்டுக்கிட்டுப் போவான்?" அப்படின்னு ஒரு தம்பி சொன்னாப்ல. கடையில இருந்த அம்புட்டுப் பேரும் தலையாட்டுனாங்க. நான் மட்டும் ஆட்டல. ஏன்னா பங்குனி மாசம்தான் பேத்தியைத் தொட்டில்ல போட சென்னைக்கு விமானத்துல போயிட்டு வந்தேன். மகன் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தான். கையில கடிகாரம் கட்டியிருந்தேன். ஒவ்வொரு இடத்துலயும் மணி பார்த்து, சட்டைப்பையில இருந்த பால் சொசைட்டி அட்டையோட பின்பக்கத்துல குறிச்சு வச்சேன். அந்தக் கணக்கை இங்க எழுதுறேன். படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.

முதல்ல தூரம். மதுரை விமான நிலையத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் நூல் பிடிச்ச மாதிரி நேர்கோட்டுல அளந்தா சுமார் 420 கிலோமீட்டர். ரோட்டுல போனா கிட்டத்தட்ட 460. எழும்பூருக்கு ரயில் பாதையில 493. ஆக, வானத்துல போனா ரயிலை விட எழுபது கிலோமீட்டர் சொச்சம் மிச்சம். விழுப்புரம், விருத்தாசலம், திருச்சி, திண்டுக்கல்னு ரயில் ஊர் ஊராத் தொட்டுட்டு வரணும். விமானத்துக்கு அந்த வேலை கிடையாது.

இப்ப நேரம். பெரிய விமானம் மேல போயிட்டா மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்துல போகும்ங்கிறாங்க. 420 கிலோமீட்டரை 800-ஆல வகுத்தா அரை மணி நேரம்தான் வருது. ஆனா என் டிக்கெட்ல போட்டிருந்தது 1 மணி 20 நிமிஷம். மிச்ச ஐம்பது நிமிஷம் எங்க போச்சு? எங்க அக்கா மகன் விமானப் படிப்பு படிக்கிறான். அவனைக் கேட்டேன்.

"மாமா, டிக்கெட்ல போடுறது பறக்குற நேரம் இல்ல. நின்ன இடத்துல இருந்து சக்கரம் நகர்ந்ததுல ஆரம்பிச்சு, அங்க போயி நிக்கிற வரைக்கும் உள்ள நேரம். ஓடுதளத்துக்கு ஊர்ந்து போகணும், முன்னாடி விமானம் இருந்தா காத்துக் கிடக்கணும். மேல ஏறவும் எறங்கவும் மெதுவாத்தான் முடியும். இம்புட்டுத் தூரத்துக்கு, ஏறி முடிக்கிறதுக்குள்ள எறங்க ஆரம்பிச்சிருவான். எண்ணூறு வேகம் கொஞ்ச நேரந்தான்."

"ஏண்டா மாப்ளே, அப்ப நேர்கோட்டுலயாவது போவானா?"

"அதுவும் இல்ல மாமா. காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதுக்கு எதிர்த் திசையிலதான் ஏறணும், எறங்கணும். சென்னையில எறங்க வரிசை இருந்தா சுத்தி வரச் சொல்லுவாங்க. அதுக்கெல்லாம் சேர்த்துத்தான் கம்பெனிக்காரன் நேரத்தைக் கூட்டிப் போடுறான்."

புரிஞ்சுது. நம்ம ஊரு டிராக்டர் ரோட்டுல முப்பது கிலோமீட்டர் வேகத்துல போகும். ஆனா வயலுக்குள்ள எறங்கி, திருப்பி, வரப்புல ஏத்தி உழுது முடிக்க எம்புட்டு நேரம் ஆகும்னு ஓட்டுறவனுக்குத்தான் தெரியும். அதே கதைதான் இதுவும்.

சரி, இது விமானத்தோட கணக்கு. இப்ப என்னோட கணக்குக்கு வாரேன். எங்க ஊரு உசிலம்பட்டியில இருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ள தள்ளி இருக்கு. என் மகன் குடியிருக்கிறது அம்பத்தூர். அட்டையில எழுதினபடியே தாரேன்.

காலை 6.15 – வீட்டை விட்டுக் கிளம்பினது. தம்பி மகன் பைக்ல கொண்டாந்து விட்டான்.
6.40 – உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு. பதினஞ்சு நிமிஷம் காத்திருந்து திருமங்கலம் பஸ்.
8.00 – திருமங்கலம்.
8.45 – ஆட்டோ பிடிச்சு மதுரை விமான நிலையம்.
10.35 – டிக்கெட்ல போட்டிருந்த நேரம்.
10.55 – உண்மையிலேயே நகர்ந்த நேரம்.
11.05 – தரையை விட்டு எழும்பினது.
11.57 – சென்னையில சக்கரம் தரையில பட்டது.
12.20 – விமானத்தை விட்டு வெளிய வந்தது.
12.45 – பை கைக்கு வந்தது. உள்ள ரெண்டு படி இடிச்ச சம்பா அவல், முருங்கைக்காய், ஒரு தூக்கு நெய்.
2.05 – அம்பத்தூர், மகன் வீட்டு வாசல்.

காலை ஆறே காலுக்குக் கிளம்பினவன் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல போய்ச் சேர்ந்தேன். மொத்தம் 7 மணி 50 நிமிஷம். அதுல நான் வானத்துல இருந்தது வெறும் 52 நிமிஷம். எட்டு மணி நேரத்துல ஒரு மணி நேரம்கூட இல்ல. மிச்ச ஏழு மணி நேரமும் பைக், பஸ், ஆட்டோ, வரிசை, நாற்காலி, மறுபடியும் வரிசை, கார். போற வழியில விமானக்காரன் இருபது நிமிஷம் தாமதம்னு ஒரு வார்த்தை மைக்குல சொன்னான், அம்புட்டுத்தான். அதுக்கு நான் யாரையும் குறை சொல்லல. பஸ்ஸும்தான் தாமதமா வருது.

இதை வச்சு விமானமே வேண்டாம்னு நான் சொல்ல வாரதா நினைச்சுடாதீங்க. அது நியாயம் இல்ல. வில்லாபுரத்துலயோ அவனியாபுரத்துலயோ குடியிருக்கிறவர் கால் மணி நேரத்துல விமான நிலையத்துக்குப் போயிருவாரு. அங்க பல்லாவரத்துல அவருக்கு வேலைன்னா நாலு மணி நேரத்துல வேலை முடிஞ்சிரும். அவருக்கு அது பெரிய லாபம். பெத்த தாய்க்கு உசுரு இழுத்துக்கிட்டு இருக்குன்னு போன் வந்தா, நானே காசு பார்க்காம விமானத்துலதான் போவேன். எங்க பக்கத்துப் பிள்ளைங்க துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போறாங்க. அவங்க முன்னாடி மாதிரி சென்னைக்கோ திருச்சிக்கோ ஒரு நாள் பயணம் போயி ஏற வேண்டியதில்ல. மதுரையிலேயே ஏறலாம். அதுவும் நல்லதுதான். 2013-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம மதுரை மல்லி வெளிநாட்டுக்குப் போறதும் விமானத்துலதான். கப்பல்ல ஏத்துனா மணமா மிஞ்சும்?

நான் கேக்குறது வேற. "ஒரு மணி நேரம்"ங்கிற அந்தக் கணக்கு எந்த வாசல்ல ஆரம்பிச்சு எந்த வாசல்ல முடியுது? விமான நிலைய வாசல்ல ஆரம்பிச்சு விமான நிலைய வாசல்ல முடியுது. அங்க எவனும் குடியிருக்கலையே! மனுசன் வீட்டுல இருந்துதான் கிளம்புறான், வீட்டுக்குத்தான் போய்ச் சேருறான்.

இன்னொண்ணும் இருக்கு. விவசாயிக்கு எல்லா மணி நேரமும் ஒண்ணு இல்ல. எங்கிட்ட ரெண்டு கறவை மாடு, முக்கால் ஏக்கர் மல்லி, ஒண்ணரை ஏக்கர் நெல்லு. மல்லி மொட்டை விடியறதுக்கு முன்னாடி எடுத்தாகணும். பால் காலையிலயும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் போயாகணும். பகல்ல எட்டு மணி நேரம் போச்சுன்னா ஒரு நாள் பொழப்பு போச்சு. திரும்பி வர இன்னொரு நாள். ராத்திரியில பத்து மணி நேரம் போனாலும் அது தூங்குற நேரம்தான், எனக்கு நட்டம் கிடையாது.

அதனாலதான் சொல்றேன், எனக்கு வேகமான வண்டி எதுன்னா அது போடி ரயில்.

இளந்தாரிகளுக்கு இது தெரியாது, கொஞ்சம் சொல்றேன். மதுரைக்கும் போடிநாயக்கனூருக்கும் நடுவுல 90 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதை இருந்துச்சு. நாங்க பள்ளிக்கூடம் படிச்ச காலத்துல உசிலம்பட்டி ஸ்டேஷன்ல ஏறி மதுரைக்குப் போவோம். அகலப் பாதை போடப் போறோம்னு 2010 கடைசியோட அந்த ரயிலை நிப்பாட்டுனாங்க. திரும்ப மதுரை – தேனி ரயில் ஓடுனது 2022 மே மாசம். பதினோரு வருசத்துக்கு மேல! அந்தப் பதினோரு வருசத்துல மதுரை விமான நிலையத்துல எத்தனையோ புது விமானம் வந்துச்சு, போச்சு. எல்லாப் பேப்பர்லயும் பெருசா போட்டாங்க. உசிலம்பட்டி ஸ்டேஷன்ல புல்லு முளைச்சுக் கிடந்ததுக்கு அம்புட்டுப் பெருசா எவரும் எழுதல.

2023 ஜூன் 15-ல பாதை போடி வரைக்கும் போச்சு. அன்னைக்கே சென்னை சென்ட்ரலுக்கு ஒரு ராத்திரி ரயிலையும் விட்டாங்க. மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், காட்பாடின்னு சுத்திக்கிட்டுத்தான் போகும். நேரா விழுப்புரம் வழியாப் போற ரயிலை விடத் தூரம் அதிகம். தூரத்தை மட்டும் பார்க்கிறவன், "இது என்னய்யா கோணல் வழி"ன்னு சிரிப்பான். ஆனா எனக்கு எப்படி? சாயங்காலப் பாலைக் கறந்து ஊத்திட்டு, வீட்டுல சோறு தின்னுட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல உசிலம்பட்டியில ஏறிப் படுத்தா காலையில எட்டு மணி வாக்குல சென்ட்ரல். அங்கேயே லோக்கல் ரயில் மாறி அம்பத்தூர். காலைப் பலகாரம் மகன் வீட்டுல. டிக்கெட்டு படுக்கை வசதியோட ஐநூறு ரூபாய்க்குள்ள. விமானத்துக்கு என் மகன் கட்டினது நாலாயிரத்து நூறு. ஆட்டோ, கார்க் காசு தனி.

வாசலுக்கு வாசல் பார்த்தா ரயிலுக்குப் பன்னிரண்டு மணி நேரம், விமானத்துக்கு எட்டு. கடிகாரத்துல விமானம் நாலு மணி நேரம் மிச்சம் பிடிக்குது, இல்லேங்கல. ஆனா பொழப்புல எனக்கு மிச்சம் பிடிச்சுத் தர்றது ரயில்தான். அந்தப் பன்னிரண்டுல நான் தூங்கினது போக, முழிச்சிருந்து இழந்தது மூணு மணி நேரம் இருக்கும். விமானத்துல இழந்தது எட்டும். இந்த ரயிலை வாரம் மூணு நாள்தான்னு ஆரம்பிச்சாங்க. எங்க ஆளுங்க தினமும் விடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. என் மகன் தொட்டில் போடக் குறிச்ச நாளுக்கு முந்தின ராத்திரி ரயில் இல்லாத நாளு. அதனாலதான் அவன் விமானத்துக்குப் போட்டான்.

மத்த ரயிலையும் சொல்லிடுறேன். வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15-ல ஓட ஆரம்பிச்சுது. மீட்டர் கேஜ் காலத்துலயே மதுரையில இருந்து சென்னைக்கு ஏழு மணி நேரச் சொச்சத்துல போன ரயில். இத்தனை வருசம் கழிச்சு, அகலப் பாதை, கரண்டு எல்லாம் வந்த பிறகும், வைகைக்கு இப்பவும் ஏழு மணி நேரச் சொச்சம்தான். 2019 மார்ச்ல தேஜஸ் வந்துச்சு, ஆறரை மணி நேரம். 2024 ஆகஸ்ட் கடைசியில நாகர்கோவில் வந்தே பாரத், மதுரைக்கு ஆறு மணி நேரத்துக்குள்ள. ஆக, ரயிலை வேகமாக்க முடியும்னு தெரிஞ்சு போச்சு. காசுக்கேத்த தோசை மாதிரி டிக்கெட்டும் கூடிக்கிட்டே போகுது, அது வேற கதை.

பஸ்ஸுலயும் இதே கூத்துதான். முன்னாடி கோயம்பேடு வரைக்கும் போவோம். 2023 டிசம்பர் கடைசியில கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தாங்க. இப்ப நம்ம பக்கத்து பஸ் அங்கேயே நின்னுருது. "மதுரை – சென்னை பயண நேரம் குறைஞ்சிருச்சு"ன்னு கூடச் சொல்லிக்கலாம், ஏன்னா பஸ்ஸு முன்னமே நிக்குதுல்ல! ஆனா மூட்டை முடிச்சோட எறங்கி அங்க இருந்து அம்பத்தூர் போறதுக்கு இன்னொரு ஒண்ணரை மணி நேரம். குறைஞ்சது பஸ்ஸுக்கு. கூடுனது எனக்கு.

இந்தக் கணக்கை நான் சும்மா பொழுதுபோகாமப் போடல. இந்த "நேரம் மிச்சம்"ங்கிற பேச்சை வச்சுத்தான் நிலம் எடுக்குறாங்க. அதைச் சொல்லத்தான் இம்புட்டும் எழுதினேன்.

மதுரை விமான நிலையத்துல ஓடுதளம் 7,500 அடி. அதை 12,500 அடியா நீட்டணும்னு திட்டம். அதுக்குப் பக்கத்துல இருக்கிற சின்ன உடைப்பு கிராமத்து ஜனங்களைக் காலி பண்ணச் சொன்னாங்க. 2024 நவம்பர்ல அந்த ஜனங்க போராடுனது எல்லாருக்கும் தெரியும். காசு மட்டும் குடுத்தாப் பத்தாது, குடியிருக்க மாற்று இடம் குடுங்கன்னு கேட்டாங்க. நம்மாளுங்களே சில பேரு, "நாலு வீட்டுக்காக ஊரு முன்னேற்றத்தைத் தடுக்கிறாங்க, சென்னைக்குச் சீக்கிரம் போகலாம்ல"ன்னு பேசுறாங்க. அய்யா, ஓடுதளத்தை நீட்டுறது பெரிய விமானம் எறங்குறதுக்கு. வெளிநாட்டு விமானம் வரும், சரக்கு அதிகம் போகும். அது தேவைன்னா தேவைன்னு சொல்லி, அந்த ஜனங்களுக்கு உரிய இடத்தைக் குடுத்துட்டுக் கேளுங்க. ஆனா அதனால மதுரைக்கும் சென்னைக்கும் நடுவுல ஒரு நிமிஷம்கூடக் குறையாது. இப்ப இருக்கிற ஓடுதளத்துலயே சென்னை விமானம் நல்லாத்தான் ஏறுது எறங்குது. இல்லாத நிமிஷத்துக்கு இருக்கிற வீட்டைக் கேக்காதீங்க.

அந்தப் பக்கம் பரந்தூர். 2022-ல அறிவிச்சதுல இருந்து ஏகனாபுரம் ஜனங்க போராடிக்கிட்டு இருக்காங்க. நெல்லு விளையுற நிலம், ஏரி, குளம் எல்லாம் அதுல வருது. அது சென்னையில இருந்து எழுபது கிலோமீட்டர் வாக்குல தள்ளி இருக்கு. மீனம்பாக்கமும் தொடர்ந்து இருக்கும்னு அரசாங்கம் சொல்லுது. இருக்கட்டும். ஆனா நாளைக்கு ஏதோ ஒரு ஊரு விமானம் அங்க எறங்குச்சுன்னா, டிக்கெட்ல அதே ஒரு மணி நேரம்தான் போட்டிருக்கும். அங்க எறங்கி எழுபது கிலோமீட்டர் வர்ற நேரத்தை எவன் டிக்கெட்லயும் அடிக்க மாட்டான். நிலம் குடுத்தவனுக்கும் லாபம் இல்ல, எறங்குறவனுக்கும் நேரம் மிச்சம் இல்லேன்னா அந்த மிச்சம் யாருக்குப் போகுதுன்னு கேக்கணுமா இல்லையா?

இதெல்லாம் பெரிய ஊரு விவகாரம். எங்க ஊரு விவகாரம் ரொம்பச் சின்னது, ஒன்பது கிலோமீட்டர்தான். விடிகாலையில பறிச்ச மல்லி உசிலம்பட்டி பூ மார்க்கெட்டுக்கு நேரத்தோட போகணும். மொதல் பஸ் வந்துச்சுன்னா பூவுக்கு விலை. அன்னைக்கு பஸ் வரலேன்னா பைக்குக்காரனைத் தேடி அலைஞ்சு, போய்ச் சேரும்போது மொட்டு லேசா வாயைத் திறந்திருக்கும். வியாபாரி கையில எடுத்துப் பார்த்துட்டு, "என்ன சித்தப்பு, பூத்துருச்சே"ன்னு விலையைப் பாதியாக்குவான். எங்க ஊருல எண்பது வீட்டுல பூ இருக்கு. அத்தனை பேருக்கும் நாள் தவறாம வர்ற பயண நேரம் இந்த ஒன்பது கிலோமீட்டர்தான். 420 கிலோமீட்டரை 52 நிமிஷத்துல தாண்டுறாங்க. இந்த ஒன்பதுக்குச் சில நாள் ஒரு மணி நேரம் ஆகுது.

பெரியாஸ்பத்திரிக்குப் போற கர்ப்பிணிக்கும் இதே ஒன்பது கிலோமீட்டர்தான் மொதல்ல நிக்குது. காலேஜுக்குப் போற பொம்பளப் பிள்ளைங்களுக்கும் அதேதான்.

அதனால என் கோரிக்கை நாலே நாலு. போடி – சென்னை ரயிலை தினமும் விடுங்க. எங்க பக்கத்து ஊருகள்ல இருந்து விடியக்காலையில ஒரு பஸ், ராத்திரி ரயிலுக்குத் தோதா ஒரு பஸ் விடுங்க. உசிலம்பட்டியில இருந்து திருமங்கலம் வழியா மதுரை விமான நிலையத்துக்கு ஒரு நேர் பஸ் விடுங்க, ஆட்டோவுக்குக் குடுக்கிற காசுல அரை மூட்டை தவிடு வாங்கலாம். நாலாவது, இனிமே எந்தத் திட்டத்துக்காவது "இத்தனை நிமிஷம் மிச்சம்"னு சொல்லி நிலம் கேட்டா, அந்த நிமிஷத்தை வீட்டு வாசல்ல இருந்து வீட்டு வாசல் வரைக்கும் அளந்து, எழுதிக் காட்டிட்டுக் கேளுங்க.

முதல் மூணுக்கும் ஒரு சென்ட் நிலம்கூட எடுக்க வேண்டியதில்ல. நாலாவதுக்கு ஒரு கடிகாரமும், பால் சொசைட்டி அட்டையும் போதும்.

நீங்களும் அடுத்த தடவை எங்கயாவது போகும்போது கிளம்புன நேரம், சேர்ந்த நேரம் ரெண்டையும் குறிச்சு வச்சு எனக்கு எழுதுங்க. எந்த ஊரு, எதுல போனீங்க, எம்புட்டுக் காசு ஆச்சுன்னும் எழுதுங்க. பத்து ஊருக் கணக்கு சேர்ந்துச்சுன்னா அடுத்த கிராமசபைக் கூட்டத்துல மனுவோட சேர்த்துக் குடுத்துருவோம்.

மழை நாலு தூறல் போட்டிருக்கு. மல்லிக்குக் களை எடுக்க ஆள் சொல்லணும். அடுத்த வாரம் பார்ப்போம்.